விழ மறுத்த எண்ணூற்று ஆறு பேர்

மூன்றாவது நாளாகப் பால் பொங்கி வழிந்தது. அடுப்படியில் ஆள் இல்லாமல் வழிந்திருந்தால் அவளுக்கு இத்தனை கோபம் வந்திருக்காது. ஆள் இருந்தார். தாலி கட்டிய கணவர், அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, பால் நுரைத்து எழும்பியதையும், விளிம்பைத் தாண்டியதையும், தீயில் சொய்யென்று இறங்கிக் கருகியதையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கைகள் உடம்போடு ஒட்டாமல் இரண்டு பக்கமும் சற்று விலகி நின்றன, அக்குளில் கட்டி வந்தவருக்கு நிற்பதைப் போல.

"ஏங்க, கண்ணு தெரியுதா இல்லையா உங்களுக்கு? புடிச்சு வச்ச புள்ளையார் மாதிரி நிக்கிறீங்க. அடுப்ப அணைச்சா கை தேஞ்சு போயிடுமா?"

அவர் தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் அவள் பக்கம் உருட்டினார். "சொல்லட்டும்னு இருந்தேன்."

"யாரு சொல்லணும்? பாலா?"

 அவள் எட்டி அடுப்பை அணைத்தபிறகுதான் அவர் கைகளைத் தொங்கவிட்டார். துணியை எடுத்து, ஒன்றும் நடக்காதவர்போல மேடையைத் துடைக்க ஆரம்பித்தார்.

லிஃப்ட் மெக்கானிக் அவர். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவர் ஓர் இடத்தில் சும்மா நின்று அவள் பார்த்ததில்லை. தூக்கத்தில்கூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். கல்யாணமான புதிதில் கட்டில் கிரீச்சிடும் சத்தத்தில் அவளுக்குத் தூக்கமே வராது. அப்பேர்ப்பட்ட மனிதர் மூன்று வாரமாக எங்கே போனாலும் நின்றுவிடுகிறார். குளியலறையில் தண்ணீர் ஓட ஓட நிற்கிறார். செருப்பை மாட்டியபடி வாசலில் நிற்கிறார். இரவில் கால் ஆடுவதும் நின்றுவிட்டது, அதைக் கவனித்த நாளிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை. டாக்டரிடம் போகலாம் என்றால் எனக்கென்ன குறைச்சல் என்கிறார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக அவளுக்கு நேரமில்லை. வெள்ளிக்கிழமை படம் வெளியாகிறது. அவளுக்கு இன்னும் ஒரு துணுக்கு பாக்கி.

அவளுடைய பிழைப்பே துணுக்குதான். படக் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் உட்கார்ந்து, படம் பிடித்தபோது திரைக்குப் பின்னால் என்னென்ன நடந்தது என்று சுவையாக நாலு வரி எழுதித் தர வேண்டும். இந்த முறை வருவது பெரிய படம், இரண்டாம் பாகம். கண்ணுக்குத் தெரியாத ஓர் இயந்திரம் ஆளும் நகரம். அங்கே மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிறக் கோட்டு. முதல் பாகத்தில் செத்துப்போன கதாநாயகன் இதில் இரும்புக் கையோடு திரும்பி வந்து அடித்து நொறுக்குகிறான். ஐம்பது துணுக்கு கேட்டிருந்தார்கள். இரும்புக் கையின் மணிக்கட்டில் இருப்பது குக்கர் கேஸ்கெட் என்பது முதல், இயந்திரத்தின் உறுமல் இயக்குநர் வீட்டு வாஷிங் மெஷின் போடும் சத்தம் என்பது வரை நாற்பத்தொன்பதை எப்படியோ தேற்றிவிட்டாள். ஐம்பதாவது மட்டும் வருவேனா என்றது.

பிரிவின் தலைவரை எல்லோரும் அர்ஜென்ட் என்றுதான் சொல்வார்கள். காலை வணக்கத்தைக்கூட அவர் அர்ஜென்ட் என்று தலைப்பிட்டுத்தான் அனுப்புவார். அன்று காலையும் அவள் நீட்டிய ஐம்பதாவது துணுக்கை வாசித்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"கதாநாயகிக்குக் குதிக்கும்போது கணுக்கால் சுளுக்கிடுச்சு. அதுக்கு?"

"வலியோடயே நடிச்சாங்க சார்."

"எல்லாப் படத்துலயும்தான் சுளுக்குது. படிச்சவன் 'அட, அப்படியா'ன்னு வாயைப் பொளக்கணும்மா. சாயந்தரம் நாலு மணிக்குள்ள வேணும்."

ஏழாவது முறையாகத் திரும்பி வந்த தாளைக் கசக்கி, குப்பைத்தொட்டியில் எறிந்தாள். அது வெளியே விழுந்தது. போய்ப் பொறுக்கிப் போடவும் அவளுக்கு மனதில்லை. பால் கருகிய வாடை புடவைத் தலைப்பிலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் கீழே கிராபிக்ஸ் அறைக்குப் போனாள். தரைக்கு அடியில் ஜன்னலே இல்லாத அறை அது. உள்ளே நுழைந்ததும் எலும்புவரை ஏறுகிற குளிர், சூடேறிய தூசியின் வாடை, நூறு சின்ன மின்விசிறிகள் ஒரே சுரத்தில் முனகுகிற சத்தம், அந்த முனகலுக்கு நடுவே எப்போதாவது டிக்கென்று ஏதோ ஒன்று. கடைசி மேசையில் கூட்டம் உட்கார்ந்திருந்தார். அவர் ஒற்றை ஆள்தான். படத்தில் வரும் பெருங்கூட்டத்தை எல்லாம் கணினியில் உருவாக்குபவர் என்பதால் அந்தப் பெயர்.

"அண்ணே, உயிரை வாங்குறாரு. உங்ககிட்ட ஏதாவது இருக்கா? எதுவா இருந்தாலும் பரவாயில்ல."

கூட்டம் கண்ணைக் கசக்கினார். மனிதர் நாலு நாளாக வீட்டுக்குப் போகவில்லை போலத் தெரிந்தது. "இருக்கு. ஆனா என் கஷ்டம் உனக்குத் துணுக்காம்மா? சரி, பாரு."

கடைசிக் காட்சியைத் திரையில் போட்டார். சதுக்கத்தில் ஐம்பதாயிரம் பேர். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாம்பல் நிறக் கோட்டு. கோபுரங்களில் இருந்து ஒரே நேரத்தில் துப்பாக்கிகள் வெடிக்கும்; ஐம்பதாயிரம் பேரும் ஒரே கணத்தில் விழ வேண்டும். அவர்களில் உண்மையான மனிதர்கள் அறுபத்திரண்டு பேர்தான் என்பது அவளுக்கு முன்பே தெரியும். கம்பெனி ஊழியர்கள், அவர்களுடைய வீட்டு ஆட்கள். ஒவ்வொருவரையும் படம் எடுத்து, எண்ணூற்றுச் சொச்சம் நகலாக்கி, மூக்கையும் முடியையும் கொஞ்சம் மாற்றி நிறுத்தியிருந்தார்கள்.

துப்பாக்கிகள் வெடித்தன. ஆட்கள் விழுந்தார்கள், எலும்பே இல்லாதவர்களைப் போல, முழங்கால் ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமுமாக. ஆனால் எல்லோரும் விழவில்லை. கிடந்த உடல்களுக்கு நடுவே அங்கங்கே சிலர் நின்றார்கள். கைகள் உடம்பிலிருந்து சற்று விலகியிருந்தன. உள்ளங்கைகள் முன்னால் பார்த்திருந்தன.

"எண்ணூத்தி ஆறு பேரு," என்றார் கூட்டம். "விழுன்னா விழ மாட்டேங்கிறாங்க. எல்லாருக்கும் ஒரே கட்டளைதான். அழிச்சுட்டுப் புதுசா வச்சேன், நின்னாங்க. வேற மெஷின்ல போட்டேன், நின்னாங்க. இப்ப ஒவ்வொருத்தரா கையால மறைச்சுட்டு இருக்கேன். எண்ணூத்தி ஆறும் ஒரே ஆளோட நகல். யாருன்னு சொல்லு பாப்போம்."

அவர் ஒரு முகத்தைப் பெரிதாக்கினார். மூக்கை மாற்றியிருந்தார்கள், தலைமுடியை நரைக்க வைத்திருந்தார்கள். ஆனாலும் பத்தொன்பது வருடம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட முகம் தெரியாமல் போகுமா?

"உன் வீட்டுக்காரருதான். நல்ல பிடிவாதக்காரருதான்மா." கூட்டம் சிரித்தார்.

அவளும் சிரிக்கப் பார்த்தாள். அப்போதுதான் திரையின் கீழ்ப்பகுதி கண்ணில் பட்டது. "அண்ணே, முட்டி ஆடுதே."

"ஆமா. அதான் எனக்கும் புரியல. அந்த நடுக்கத்த நான் வைக்கல." சிரிப்பு அவர் முகத்தில் பாதியில் நின்றிருந்தது. "போன வாரம் இல்ல. நேத்துலேருந்து ஆடுது."

வெகுநேரம் நின்றவனுக்கு வருகிற நடுக்கம் அது. மாற்றிய மூக்கின் நுனியில் ஏதோ பளபளத்தது. வியர்வையா என்று பார்க்கத் திரையை நெருங்கிக் குனிந்தாள்.

விஷயத்தைக் கேட்ட அர்ஜென்ட் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "இதும்மா துணுக்கு. விழ மறுத்த மனிதர். அதுவும் நம்ம மேடத்தோட வீட்டுக்காரர். என்னைக்கு எடுத்தாங்க, எத்தன மணிக்கு, எல்லாம் போட்டு எழுது. அர்ஜென்ட்." அவள் அவரை வெறித்துப் பார்த்தாள். ஏழு தாளைக் கசக்க வைத்த மனிதர், இது வேண்டாம் என்று சொல்லக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு.

எடுத்த தேதியும் நேரமும் கூண்டுப் பதிவேட்டில் இருக்கும். குழாய்களை வட்டமாக நட்டு, அவற்றில் தொண்ணூறு கேமராக்களைப் பொருத்திய இடத்துக்குத்தான் கூண்டு என்று பெயர். நடுவில் ஒரு பலகை. அதில் இரண்டு பாதங்களின் தடம். தடத்தில் கால் வைத்து, கையைச் சற்று விலக்கி, உள்ளங்கையை முன்னால் காட்டி, இமைக்காமல் நிற்க வேண்டும். கேமராமேன் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பார், நிற்பவர் அவர் கண்ணில் படமாட்டார். அதனால் பதிவேடு வைத்திருப்பவர் விளக்கு அணைந்ததும் 'போதும், இறங்கலாம்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் தும்மல் வந்தாலும் ஆள் அசையக் கூடாது. சொன்னதும் நேரத்தைக் குறிக்க வேண்டும். ஏறிய நேரத்துக்கு ஒரு கட்டம், போதும் சொன்ன நேரத்துக்கு ஒரு கட்டம். கூண்டில் கறாரான சட்டம் இது ஒன்றுதான்.

பதிவேட்டைப் புரட்டினாள். அறுபத்திரண்டு வரிகள். நாற்பத்தொன்றாவது வரியில் கணவர். ஏறிய நேரம், பதினொன்று பத்து. அடுத்த கட்டம் காலி.

கையெழுத்து அவளுடையது.

மூன்று வாரத்துக்கு முன்னால், படம் எடுத்த அன்று, ஆள் குறைந்ததால் கணவர்தான் பாவம் அரைநாள் விடுப்பு எடுத்து வந்தார். பதிவேடு எழுதும் பெண்ணும் வரவில்லை, இவளே எழுதினாள். அவர் தடத்தில் கால் வைத்ததும், 'ஒழுங்கா நிப்பீங்களா?' என்று கேலி செய்தாள். 'நீ சொல்ற வரைக்கும் அசைய மாட்டேன்' என்றார். அப்போதுதான் அர்ஜென்ட் கூப்பிட்டார். கூண்டுக்குள் போனில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். வெளியே தாழ்வாரத்துக்குப் போனாள். போஸ்டரில் கதாநாயகன் கண் சிவப்பா மஞ்சளா என்று இருபது நிமிடம் உயிரை எடுத்தார் மனிதர். அவள் திரும்பி வந்தபோது விளக்கு எப்போதோ அணைந்திருந்தது. அவர் இருட்டில் அதே தடத்தில் நின்றுகொண்டிருந்தார். அர்ஜென்ட்டின் மேலிருந்த எரிச்சலில் அவள் எதுவும் சொல்லவில்லை. மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். மரக்கட்டையாக இருந்தது கை. இழுத்த இழுப்புக்கு அவர் வந்தார்.

வந்தாரா?

அடுப்படியில் அவர் சொன்னது ஞாபகம் வந்தது: சொல்லட்டும்னு இருந்தேன். யார் சொல்லணும் என்று மூன்று வாரமாக அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். மரமே, மண்ணே என்று திட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வாரம். கால் என்ன பாடு பட்டிருக்கும்?

பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். இருந்தாலும் சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? இரண்டு வார்த்தை. போன் போட்டாள். அன்று அவருக்கு வார விடுப்பு, வீட்டில்தான் இருப்பார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். ஐந்தாவது முறை, ஆறாவது முறை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். துணுக்கு எங்கே என்று அர்ஜென்ட் பின்னால் கத்துவது படிக்கட்டு வரை கேட்டது.

வாடகை வண்டி ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. ஓட்டுநர் ஏசியைக் குறைக்கட்டுமா என்று கேட்டார். அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியதை அவர் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். வெளியே நல்ல வெயில். சாலையைக் கடக்கக் காத்திருந்தவர்கள் வரிசையாக நின்றார்கள், சிவப்பு விளக்கைப் பார்த்தபடி, கைகளைத் தொங்கவிட்டபடி. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

குடியிருப்பின் லிஃப்ட் மூன்றாவது மாடிக்கு ஏறியது. அவர் கையால் எண்ணெய் போடும் லிஃப்ட், வழக்கமாகப் பூனை நடப்பதுபோலத்தான் ஏறும். இன்று கம்பி எங்கோ உரசி நீளமாக முனகியது. கதவு திறந்ததும் தாழ்வாரம் முழுக்க மத்தியான அமைதி. ஒரு வீட்டில் டிவி, ஒரு வீட்டில் மிக்ஸி. தன் வீட்டுக் கதவருகே வந்து கடைசியாக ஒருமுறை போன் போட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. பக்கத்தில், வெகு பக்கத்தில். யாரும் எடுக்கவில்லை.

பூட்டில் சாவி நுழைய மறுத்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள்.

ஹாலில் திரைச்சீலைகள் மூடியிருந்தன. வியர்வை வாடை. நடு ஹாலில் அவர். கைகள் விலகியிருந்தன. உள்ளங்கைகள் அவளைப் பார்த்தன. சட்டைப்பைக்குள் போன் வெளிச்சத்தோடு அடித்துக்கொண்டிருந்தது. முழங்கால்கள் வெடவெடவென்று ஆடின. மோவாயிலிருந்து வியர்வை சொட்டியது. கீழே தரையில் அது தேங்கியிருந்தது.

இமைக்கவில்லை.

"என்னங்க."

கண்கள் மட்டும் உருண்டன.

 தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். அழுகையும் வார்த்தையும் சேர்ந்து வந்தன. "போதும். இறங்கலாம்."

ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு அவர் மார்பு ஏறி இறங்கியது. கைகள் மெல்லத் தாழ்ந்தன. கண்ணை இறுக மூடித் திறந்தார்.

"சொல்லிட்டியா," என்றார். "அப்பாடா."

அவள் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். சோபாவில் உட்கார வைத்தாள். முட்டியைத் தேய்த்துவிட்டாள். திட்டினாள், அழுதாள், மறுபடி திட்டினாள். "வாயத் தொறந்து சொல்லக் கூடாதா? இப்படியா மனுஷன் நிப்பான்?" அவர் களைத்துப்போய்ச் சிரித்தார். வலது கால் லேசாக ஆட ஆரம்பித்தது, அந்தப் பழைய ஆட்டம். அதைப் பார்த்ததும் மூன்று வாரமாகப் போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது.

"விட்டா விழுந்துடுவேன்னு தோணிச்சு," என்றார் அவர். "அதான் புடிச்சுக்கிட்டே நின்னேன். வெளிய எங்கயோ எல்லாரும் விழற மாதிரி சத்தம் கேட்டுட்டே இருந்துது. நான் மட்டும் விழக் கூடாதுன்னு நின்னேன்."

அவள் கை முட்டியில் நின்றது.

"தண்ணி குடும்மா. தொண்டை காயுது."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். கால் மரத்துப்போயிற்று, கொஞ்சம் நடக்கிறேன் என்றார். அப்போது அவள் போன் அடித்தது. கூட்டம்.

"ஏம்மா, என்ன மாயம் பண்ணே? சும்மா ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாம்னு இப்ப தொறந்தேன். எண்ணூத்தி ஆறு பேரும் கையை எறக்கிட்டு நிக்கிறாங்க. இனிமே விழுவாங்கன்னு நினைக்கிறேன். இரு, அர்ஜென்ட் சாரும் பக்கத்துல இருக்காரு. போடறேன்."

"அண்ணே, வேணாம். அண்ணே..."

போனுக்குள் துப்பாக்கிகள் வெடித்தன.

பின்னால் கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது. அதோடு அவரும்.

முழங்கால் ஒரு பக்கம். தலை ஒரு பக்கம். கை உடம்புக்கு அடியில், எந்தக் கையும் மடங்காத விதமாக. அவள் கத்தினாள். போனில் யாரோ கைதட்டினார்கள்.

"பிரமாதம்," என்றது அர்ஜென்ட்டின் குரல். "இன்னொரு தடவ போடுங்க."

அவர் எழுந்தார். கையை ஊன்றவில்லை. காலை மடக்கவில்லை. கிடந்த இடத்திலிருந்து அப்படியே நேரானார். கைகள் விலகின. உள்ளங்கைகள் முன்னால் திரும்பின. உதடு கிழிந்திருந்தது. கண்கள் மட்டும் அவருடையவை. அவை அவளையே பார்த்தன.

வெடித்தன.

விழுந்தார். மண்டை தரையில் மோதிய சத்தம் போனில் அவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"நிறுத்துங்க. அண்ணே, நிறுத்துங்க. கால்ல விழறேன்."

"ஒண்ணும் கேக்கலம்மா, இங்க ஒரே சத்தம். இயக்குநர் வந்திருக்காரு, அவருக்கும் போட்டுக் காட்டணும். இன்னிக்கே எல்லா ஊருக்கும் அனுப்பிடறோம். வெள்ளிக்கிழமை நாலாயிரம் தியேட்டர்ல, தெனம் அஞ்சு காட்சி." கூட்டம் சந்தோஷமாகச் சொன்னார். "வச்சுடறேன்."

போன் அணைந்தது.

அவர் எழுந்தார். இந்த முறை ஒரு கால் தவறான பக்கம் மடங்கியிருந்தது. அந்தக் காலிலேயே நேராக நின்றார். அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

அவள் உடைந்த கண்ணாடியை மிதித்துக்கொண்டு ஓடினாள். அவருக்கு முன்னால் போய், இரண்டு கைகளையும் விரித்து, உள்ளங்கைகளை அவர் பக்கம் நீட்டி, அடுத்த முறை விழும்போது பிடிப்பதற்காக, இமைக்காமல் நின்றாள்.